உம்மம்மாவின் பீங்கான்

உம்மம்மா காலத்துக் கனத்த வெள்ளைப் பீங்கான் ஒன்றாவது உங்கள் வீட்டில் இருக்கிறதா? அதைப் புரட்டிப் பாருங்கள். 'அயன்ஸ்டோன்' என்ற முத்திரை இருக்கலாம். 1813இல் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் சார்ல்ஸ் ஜேம்ஸ் மேசன் காப்புரிமை பெற்ற வகை அது. எளிதில் உடையாது என்பதைச் சொல்லத்தான் பெயரில் இரும்பைச் சேர்த்தார்கள். 'இங்கிலாந்து' என்றும் பொறித்திருந்தால், பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது.

யாழ்ப்பாணத்துச் சகோதரிகளுக்கு இது வெறும் பாத்திரமல்ல. 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ் நகர முஸ்லிம்கள் வெளியேற விடுதலைப் புலிகள் கொடுத்தது இரண்டு மணி நேரம்தான். பிள்ளையைத் தூக்குவதா, பீங்கானைத் தூக்குவதா? அலுமாரிகள் அப்படியே நின்றன. பலர் வெறுங்கையோடு புத்தளம் போய்ச் சேர்ந்தார்கள்.

ஆகவே தப்பி வந்த ஒன்று இருந்தால் பத்திரப்படுத்துங்கள். அதில் உணவு பரிமாற வேண்டாம். பழைய மெருகில் ஈயம் இருக்கலாம். புளியும் தேசிக்காய்ச் சாறும் அதை உணவில் இறக்கிவிடும். கழுவ இளஞ்சூட்டு நீரும் சவர்க்காரமும் போதும். பிளீச்சிங் பவுடர் மெருகைக் கெடுக்கும்.

இன்னொன்றும் செய்யுங்கள். அது எந்தத் தெருவில், யார் வீட்டில், எந்தக் கலியாணத்தில் புழங்கியது என்று ஒரு தாளில் எழுதி அதனோடு வையுங்கள். அந்த வீட்டைக் கண்டிராத பேரப்பிள்ளைகளுக்கு அதைச் சொல்ல உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?