சட்டி இருக்கு, கறி எங்கே?

மொராக்கோ பேட்டைக் கடைக்காரரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை!

மொராக்கோ நாட்டில் வெளியே சாப்பிடப் போவது என்றால் இரண்டு தினுசு உண்டு. ஒன்று, மராகேஷ் நகரத்துப் பழைய மாளிகைகளில் நடக்கும் டூரிஸ்ட் ஓட்டல். விளக்கு, மேளம், நடனம் எல்லாம் ஜோர்தான். பில்லைப் பார்த்தால் மயக்கம் வரும். இன்னொன்று, தெருமுனைப் பேட்டைக் கடை. நாலு மேஜை, ஒரு கரி அடுப்பு, அதன் மேல் கூம்பு மூடி போட்ட மண்சட்டிகள். கொத்தனார், டாக்சி டிரைவர், ஆபீஸ் குமாஸ்தா எல்லாம் சாப்பிடுவது இங்கேதான்.

இந்தப் பேட்டைக் கடைகளுக்கு 2024, 2025-ஆம் ஆண்டுகளில் பலத்த அடி விழுந்தது. ஆட்டுக்கறி கிலோ 100 திர்ஹாமைத் தாண்டிவிட்டது! ஒரு திர்ஹாம் அப்போது நம்ம காசுக்குச் சுமார் 9 ரூபாய். ஆலைத் தொழிலாளிக்கு 2025-இல் சட்டம் சொன்ன குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17 திர்ஹாம் சொச்சம். அதாவது, ஒரு கிலோ கறிக்கு ஆறு மணி நேரம் மாடாய் உழைக்கணும்!

நடுவில்தான் கறி!

மண்சட்டிக்கு 'தாஜின்' என்று பெயர். அதில் வேகும் பதார்த்தத்துக்கும் அதே பெயர். சட்டியை அப்படியே மேஜை நடுவில் வைத்துவிடுவார்கள். ஆளுக்கொரு தட்டு கிடையாது. ரொட்டியைப் பிய்த்து, அதாலேயே அள்ளிச் சாப்பிடணும். அவரவர் முன்னால் இருக்கிற பக்கத்தைத் தவிர அடுத்தவர் பக்கம் கை நீட்டக் கூடாது. ஓரத்தில் எல்லாம் உருளைக்கிழங்கு, கேரட், ஆலிவ் காய். கறி நடுவில். அதைக் கடைசியில்தான் பங்கு போடுவார்கள்.

ஆகவே, கறித்துண்டு இளைத்துப் போனது கடைசியில்தான் தெரியும். தெரிந்ததும் கோபம் யார் மேல் பாய்கிறது? எதிரே நிற்கிற கடைக்காரர் மேல்!

இது நியாயமே இல்லை. நிறைய இடங்களில் கறியை அவர் விற்பதே இல்லை. ஒட்டினாற்போல் கசாப்புக் கடை இருக்கும். வாடிக்கைக்காரரே கால் கிலோ, அரைக் கிலோ நிறுத்து வாங்கிக் கொடுப்பார். சுட்டுத் தருவதற்குக் கூலி; ரொட்டிக்கும் புதினா டீக்கும் தனிக் காசு. தராசு கண்ணெதிரே ஆடுகிறது. இதிலே எங்கே ஏமாற்றுவது?

மராகேஷில் 'தன்ஜியா' என்று இன்னொரு சமாச்சாரம் உண்டு. ஜாடியில் கறி, பூண்டு, சீரகம், ஊறவைத்த எலுமிச்சை போட்டு, வாயைக் காகிதத்தால் கட்டி, பொதுக் குளியல் வீட்டு உலைச் சாம்பலில் மணிக்கணக்கில் புதைத்துவிடுவார்கள். வெந்நீர் போடுகிற நெருப்பிலேயே கறியும் வெந்துவிடும். சிக்கனம்னா இதுதான் சிக்கனம்! ஆனால் நெருப்பில் மிச்சம் பிடித்து என்ன செய்வது, ஜாடிக்குள் போடக் கறி வேணுமே?

மழை பொய்த்தது

விலை ஏறியதற்கு முதல் காரணம் வானம். வருஷக்கணக்கில் மழை பொய்த்தது. மேய்ச்சல் நிலம் காய்ந்தது. தீவன விலை எகிறியது. 2016 கணக்கெடுப்பைவிட கால்நடைகள் 38 சதவீதம் குறைந்துவிட்டதாக 2025 பிப்ரவரியில் அரசாங்கமே ஒப்புக்கொண்டது. அதே மாதம் மன்னர் ஆறாம் முகமது, அந்த வருஷம் பக்ரீத்துக்கு ஆடு அறுக்க வேண்டாம் என்று ஜனங்களைக் கேட்டுக்கொண்டார். அவருடைய தந்தை இரண்டாம் ஹசன் 1996-இல் இப்படிக் கேட்டிருந்தார். நாட்டு நிலைமை அவ்வளவு மோசம்.

டூரிஸ்ட் ஓட்டலுக்கு இந்தக் கவலை கிடையாது. 2024-இல் மட்டும் 1 கோடியே 74 லட்சம் பயணிகள் அந்த நாட்டுக்கு வந்தார்கள். கறி விலை ஏறினால் பில்லில் ஏற்றிவிடலாம். பேட்டைக் கடைக்காரர் ஏற்றினால் நாளைக்குக் கொத்தனார் வரமாட்டார். பக்கத்துக் கடையில், மொச்சை மாதிரி ஒரு பயறைக் கடைந்து ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தருகிற 'பிசாரா' கூழ் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். அங்கே போய்விடுவார். அதற்குப் பயந்துதான் துண்டு இளைக்கிறது.

மானியம் யாருக்கு?

வானத்தின் மேல் பழியைப் போட்டு ஒதுங்கிவிட முடியாது. 2023, 2024 பக்ரீத்துக்கு வெளிநாட்டு ஆடு கொண்டுவந்தவர்களுக்கு, ஆடு ஒன்றுக்கு 500 திர்ஹாம் வீதம் அரசாங்கம் மானியம் கொடுத்தது. இறக்குமதி வரியிலும் சலுகை. விலை இறங்கியதா? இறங்கவில்லை! பணம் யார் பைக்குப் போனது என்று 2025-இல் எதிர்க்கட்சிகள் விசாரணைக் கமிட்டி கேட்டன. கேட்டதில் என்ன தப்பு?

அந்த 500-ஐ, பத்து ஆடு வைத்துக்கொண்டு அல்லாடுகிற மலைக்கிராமத்து மேய்ப்பருக்குத் தீவனமாகக் கொடுத்திருக்கலாம். தாய் ஆடுகளை விற்றுத் தொலைக்காமல் வைத்திருப்பார். வருகிற வருஷத்துக்குக் குட்டியாவது மிஞ்சியிருக்கும்.

கசாப்புக் கடைக்காரர் விலையைப் பலகையில் எழுதி மாட்டுகிறார். கப்பலில் ஆடு கொண்டுவந்தவர் என்ன விலைக்கு வாங்கினார், என்ன விலைக்கு விற்றார்? சர்க்கார் பணம் வாங்கிய ஆசாமிகள் அல்லவா? துறைமுக வாசலில் அவர்களுக்கும் ஒரு பலகை மாட்டச் சொல்லியிருக்க வேண்டும்!