ஜெயித்தால் வீரர்... தோற்றால் மேனேஜர்!

பேஸ்பாலில் மேனேஜர் என்றால் ஏசி ரூம் ஆபீஸர் இல்லை. வீரர்களைப் போலவே யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு டக்அவுட்டில் நிற்பவர். யார் ஆடணும், பிட்சரை எப்போது மாற்றணும் என்று முடிவெடுப்பது அவர்தான். அமெரிக்காவின் மேஜர் லீக்கில் ஒரு சீசனுக்கு 162 மேட்ச்!

இந்த வேலைக்கு வரும் முன்னாள் வீரர்களில் கேட்சர்கள் அதிகம். நம்ம ஊர் விக்கெட் கீப்பர் மாதிரி, மொத்த மைதானமும் அவர் கண்ணெதிரே இருக்கும். பிட்சரின் மனசும் அத்துப்படி.

கெவின் கேஷும் கேட்சராக இருந்தவர்தான். 2020 அக்டோபர் 27. வேர்ல்டு சீரிஸின் 6-வது மேட்ச். தோற்றால் கோப்பை போச்சு. அவர் மேனேஜராக இருந்த டாம்பா பே ரேஸ் 1-0 என முன்னிலை. பிட்சர் பிளேக் ஸ்னெல் 73 பந்துகளில் 9 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்திருந்தார். கொடுத்தது 2 ஹிட் மட்டுமே.

6-வது இன்னிங்ஸில் கேஷ் நடந்து வந்தார். ஸ்னெல்லிடமிருந்து பந்தை வாங்கிக்கொண்டார்!

ஒரே பிட்சரை மூன்றாவது முறை சந்திக்கும்போது பேட்டர்கள் அவரைப் படித்துவிடுவார்கள் என்பது புள்ளிவிவரக் கணக்கு. அடுத்து வரவிருந்தவர் மூக்கி பெட்ஸ். ஆனால், மாற்று பிட்சரை பெட்ஸ் விளாச, அதே இன்னிங்ஸில் டாட்ஜர்ஸ் 2 ரன் எடுத்தது. 3-1 என ஜெயித்து கோப்பையையும் தூக்கியது.

கேஷை எல்லோரும் வறுத்தெடுத்தார்கள். பலன் கிடைக்காததில் வருத்தம்தான், யோசித்த விதம் சரியே என்றார் அவர். அந்த சீசனின் அமெரிக்கன் லீக் சிறந்த மேனேஜர் விருதும் அவருக்கே!

நீங்கள் கேஷ் இடத்தில் இருந்திருந்தால் கணக்கை நம்புவீர்களா, கண்ணெதிரே ஜொலிப்பவரையா?