ஏலம் முடிஞ்சாச்சுல்ல, இப்பவாவது கணக்கைக் காட்டுங்கப்பா!

"கம்ப்யூட்டர் கேம்ல கிடைக்கற ஒரு கத்திக்கு எதுக்குய்யா இத்தனை பஞ்சாயத்து?" அப்படின்னு கேக்கப் போற மக்களுக்கு முதல்லயே பதில் சொல்லிடறேன். அந்தக் கத்திக்காக நாப்பது பேர் வாரத்துக்கு ரெண்டு ராத்திரி, ராத்திரிக்கு நாலு மணி நேரம் உக்காந்தா மொத்தம் 320 மணி நேரம். ஆபீஸ் கணக்குல ஒரு ஆள் 40 நாள் செய்யற வேலை. நாப்பது பேர் சேர்ந்து சம்பாதிச்சதைப் பங்கு போடற எடத்துல, பங்கு போடறவர் மட்டும்தான் கணக்கைப் பார்ப்பார், மத்தவங்கல்லாம் "நன்றி தல"ன்னு சொல்லிட்டுப் போகணும்னா அது விளையாட்டு இல்லீங்க. நமக்கெல்லாம் நல்லாத் தெரிஞ்ச பழைய வியாதி.

நான் பேசறது வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கில்டுகள்ல நடக்கற ஏலத்தைப் பத்தி. விளையாடாதவங்களுக்காக ஒரு சின்ன முன்கதை (விளையாடறவங்க ரெண்டு பாரா தாண்டிக் குதிச்சுடுங்க).

இந்த கேம் 2004 நவம்பர்ல வந்துச்சு. அதோட பழைய வடிவத்தையே "கிளாசிக்"னு 2019 ஆகஸ்ட்ல திரும்ப விட்டாங்க. இதுல மோல்டன் கோர் மாதிரி குகைகளுக்கு 40 பேர் சேர்ந்து போகணும். அதுக்குப் பேர் ராய்டு. மணிக்கணக்கா அடிச்சு ஒரு பாஸைச் சாய்ச்சா, அது கீழ போடறது ரெண்டு மூணு பொருள்தான். ஆள் நாப்பது, பொருள் ரெண்டு. யாருக்குக் குடுக்கறது? இந்தக் கேள்விக்கு 1999லயே எவர்குவெஸ்ட் கேம்ல ஆஃப்டர்லைஃப்ங்கற கில்டு ஒரு வழி கண்டுபுடிச்சது. ராய்டுக்கு வந்தா பாயிண்ட். சேத்து வச்ச பாயிண்டைக் குடுத்துப் பொருளை வாங்கிக்கலாம். டிராகனைக் கொன்னு வாங்கற பாயிண்டுங்கறதால பேர் டிகேபி, அதாவது டிராகன் கில் பாயிண்ட்ஸ். பாயிண்டை வச்சு ஏலம் கேக்கறது அதுல ஒரு வகை.

இதுக்கு ஒரு பணக்காரத் தம்பி உண்டு, பேர் ஜிடிகேபி. இங்க பாயிண்டுக்குப் பதிலா கேமோட தங்கத்தையே குடுத்து ஏலம் எடுக்கணும். கடைசில சேர்ந்த மொத்தத் தங்கத்தையும் வந்தவங்க எல்லாரும் பிரிச்சுக்குவாங்க, நடத்தறவர் ஒரு கமிஷன் எடுத்துக்குவார். நம்ம ஏலச்சீட்டை அப்படியே டிராகன் குகைக்குள்ள கொண்டு போய் வச்ச மாதிரி இருக்கும். தங்கத்தை நிஜக் காசுக்கு வாங்கறவங்க இதுக்குள்ள புகுந்து விளையாடறாங்கன்னு சொல்லி, 2024 பிப்ரவரில சீசன் ஆஃப் டிஸ்கவரி சர்வர்கள்லயும், 2024 நவம்பர்ல வந்த இருபதாம் ஆண்டு சர்வர்கள்லயும் ப்ளிஸார்ட் கம்பெனி ஜிடிகேபியைத் தடை பண்ணிடுச்சு. ஆனா அந்தத் தடை, தங்கம் எங்கேர்ந்து வந்துச்சுங்கற பிரச்சினைக்கு. ஏலத்தை எப்படி நடத்தறாங்கங்கற பிரச்சினையை யாரும் தொடல.

சரி, மேட்டருக்கு வருவோம்.

நிறைய டிகேபி கில்டுகள்ல நடக்கறது "அமைதி ஏலம்". பொருள் விழுந்ததும் ஆபீசர் பேரை அறிவிப்பார். அரை நிமிஷம் டைம். நீங்க உங்க தொகையை அவருக்கு மட்டும் விஸ்பர் பண்ணணும். டைம் முடிஞ்சதும், "இன்னாருக்கு, இத்தனை பாயிண்ட்"னு ஒரே ஒரு வரி வரும். சில கில்டுல அந்தத் தொகைகூட வராது, பேர் மட்டும்தான். தோத்தவங்க எவ்வளவு கேட்டாங்க, எத்தனை பேர் கேட்டாங்க? ம்ஹூம். அது ஆபீசருக்கும் ஆண்டவனுக்கும் மட்டுமே வெளிச்சம்.

இங்க ஒண்ணைத் தெளிவாச் சொல்லிடறேன். ஏலத்தை மூடி நடத்தறது தப்பே இல்லை. எல்லார் முன்னாடியும் கேட்டா வீம்புக்கு ஏத்தி விடற ஆளுங்க வருவாங்க. "அவன் எடுக்கக் கூடாது"ங்கறதுக்காகவே பத்துப் பத்தா ஏத்துவாங்க. ஒரு பூட்ஸுக்குப் பத்து நிமிஷம் போயிடும், காலைல ஆபீஸ் போறவன் பாவம். இதெல்லாம் ஒத்துக்கறேன். ஏலம் நடக்கற வரைக்கும் மூடுங்க, தாராளமா மூடுங்க. முடிஞ்ச அப்புறமும் மூடியே வச்சிருக்கீங்களே, அது எதுக்கு? பொருளே கை மாறிடுச்சு. இனிமே அந்த லிஸ்ட்டை மறைக்கறதால யாருக்கு என்ன லாபம்?

லாபம் இருக்கு. பாருங்க.

முதல் வகை: கேட்ட தொகையையே கட்டற ஏலம். மூணு பேர் 80, 110, 140னு விஸ்பர் பண்றாங்க. மூணும் ஆபீசர் ஸ்கிரீன்ல இருக்கு. அவருக்கும் அந்தப் பொருள் வேணும். அவர் 141 போட்டா முடிஞ்சுது. இல்லைன்னா சிநேகிதருக்குக் காதோட காதா "141 போடு மச்சி". மத்த மூணு பேரும் இருட்டுல கல்லெறியறாங்க, இவர் மட்டும் டார்ச் லைட்டோட நிக்கறார்.

இரண்டாம் வகை: ஜெயிச்சவர் தன் தொகையைக் கட்ட வேணாம், ரெண்டாவதா வந்தவர் தொகையை விட ஒண்ணு கூடக் கட்டினாப் போதும். இதோட அடிப்படையை வில்லியம் விக்ரி 1961ல எழுதினார், 1996ல அவருக்கு நோபல் பரிசும் கிடைச்சுது. ரொம்ப அழகான முறை. உங்க மனசுல இருக்கற உண்மையான தொகையைப் பயமில்லாமச் சொல்லலாம். ஆனா நீங்க 200 கேட்டீங்க, அடுத்த ஆள் கேட்டது 60ன்னு வைங்க. நீங்க கட்ட வேண்டியது 61. ஆபீசர் "ரெண்டாவது ஆள் 190 கேட்டார், 191 கட்டு"ன்னா? போச்சு, 130 பாயிண்ட் அம்பேல்.

"பாயிண்டை ஆபீசரா பாக்கெட்ல போட்டுக்கறார்?"னு கேப்பீங்க. போட்டுக்கத் தேவையே இல்லைங்க. அடுத்த வாரம் அவரும் நீங்களும் ஒரே பொருளுக்கு மோதும்போது உங்க கையில 130 பாயிண்ட் குறைஞ்சிருக்கும். டிகேபில முக்கியம் உங்ககிட்ட எவ்வளவு இருக்குங்கறது இல்லை, பக்கத்து ஆளை விட எவ்வளவு கூட இருக்குங்கறதுதான். உங்களுக்குக் குறைஞ்சாலே அவருக்குக் கூடின மாதிரி.

இது என் கற்பனைன்னு நினைக்காதீங்க. விக்ரி ஏலம் இவ்வளவு நல்லதுன்னா ஏன் நடைமுறைல இவ்வளவு அபூர்வம்னு 1990ல ராத்காஃப், டெய்ஸ்பர்க், கான்னு மூணு பேர் ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதினாங்க. அவங்க சொன்ன முக்கியக் காரணங்கள்ல ஒண்ணு, ஏலம் விடறவர் ஏமாத்துவாரோங்கற பயம். 2020ல அக்பர்பூர், லி ரெண்டு பேரும் இதைக் கணிதமாவே நிறுவிட்டாங்க. ஏலம் ஒரே சுற்றுல முடியணும், கேக்கறவங்க உண்மைத் தொகையைச் சொன்னாலே போதும்னு இருக்கணும், ஏலம் விடறவர் யார்கிட்டயும் மாட்டிக்காம விதியை வளைக்க முடியாத மாதிரி இருக்கணும். இந்த மூணும் ஒண்ணாக் கிடைக்காது. இத்தனைக்கும் அவங்க எடுத்துக்கிட்டது, ஏலம் விடறவர் விக்கறவர் மட்டுமே, வாங்க வர்றவர் இல்லைங்கற நிலைமை. நம்ம கில்டுல அவரே வாங்கவும் வர்றார். கேக்கணுமா?

வேடிக்கை என்னன்னா, கெட்ட பேர் வாங்கின ஜிடிகேபில பெரும்பாலும் ஏலம் ராய்டு சாட்லயே, எல்லார் கண்ணு முன்னாடியும் நடக்கும். அங்கயும் தில்லுமுல்லு உண்டு. விலை ஏறினா நடத்தறவர் கமிஷனும் ஏறும். அதனால ஆளை வச்சு ஏத்தி விடுவாங்க. ஆனா ஏத்தி விட்ட ஆளோட பேர் திரையில இருக்கும். நாலு வாரம் கவனிச்சா "இந்தாளு கேக்கறான், ஆனா வாங்கவே மாட்டேங்கறானே"ன்னு யாராவது கண்டுபுடிச்சுடுவாங்க. "நாங்க காசுக்கு விளையாடற கூட்டம் இல்லை, குடும்பம் மாதிரி"ன்னு பேசற டிகேபி கில்டுலதான் எல்லாம் காதுக்குள்ள நடக்குது.

நான் முன்னாடி இருந்த ஒரு கில்டுல (பேர் வேணாம், விடுங்க) தொடர்ந்து மூணு வாரம் ஆபீசருக்கு வேண்டிய ஒருத்தர், அடுத்த ஆளை விடச் சரியா ஒரே ஒரு பாயிண்ட் கூட வச்சு ஜெயிச்சார். தோத்த மூணு பேரும் எனக்குத் தெரிஞ்சவங்க, அவங்கவங்க தொகையை அவங்களே சொன்னதாலதான் விஷயமே தெரிஞ்சுது. "தொகை லிஸ்ட்டைப் போடுங்களேன்"னு கேட்டேன். "எங்க மேல நம்பிக்கை இல்லையா?"ன்னு பதில் வந்துச்சு. அடுத்த வாரம் ராய்டு லிஸ்ட்ல என் பேர் இல்லை. அவங்க ஏமாத்தினாங்கன்னு நான் இன்னிக்கும் சொல்லல. ஏமாத்தலன்னு காட்ட அவங்ககிட்டயே ஒரு வழி இல்லையேங்கறதுதான் என் பாயிண்ட். ஒருவேளை நூறு சதம் நேர்மையான ஆளா இருந்திருந்தா, பாவம், அந்த மூடின லிஸ்ட் அவரையும்தான் திருடன் மாதிரி நிக்க வச்சுது.

இனி வழக்கமா வர்ற சப்பைக்கட்டுகள்.

"நம்பிக்கைதாங்க கில்டு." கரெக்ட். ஆனா கணக்கைக் காட்டறவர் மேல வர்றதுதான் நம்பிக்கை. காட்டாதவர் மேல வைக்கறது வேண்டுதல். நம்ம ஊர் பதிவு பெற்ற சீட்டுக் கம்பெனியையே எடுத்துக்கங்க. 1982 சீட்டு நிதிச் சட்டப்படி குறைஞ்சது ரெண்டு சந்தாதாரராவது ஏலத்துல இருக்கணும், நடந்ததை எழுதிக் கையெழுத்து வாங்கி பதிவாளர்கிட்ட தாக்கல் பண்ணணும். நடத்தறவர் கமிஷனுக்கும் உச்சவரம்பு உண்டு (5 சதம், 2019 திருத்தத்துக்கு அப்புறம் 7). எல்லா நடத்துநரும் திருடன்னு நினைச்சா இந்தச் சட்டம் போட்டாங்க? அடுத்தவங்க உழைப்பைக் கையில வச்சிருக்கறவர் கணக்கு காட்டணும், அவ்வளவுதான்.

"யார் எவ்வளவு கேட்டாங்கன்னு தெரிஞ்சா மனக்கசப்பு வரும்." வரலாம். 20 பாயிண்ட் கேட்டவனை நாலு பேர் கலாய்ப்பாங்க. ஆனா அந்தக் கலாய்ப்பு ரெண்டு நாள்ல போயிடும். "நம்மள ஏமாத்தறாங்களோ"ங்கற சந்தேகம் போகாது. கில்டு உடையறது இதாலதான்.

"லிஸ்ட்டைப் போட்டா நாலு பேர் கூட்டுச் சேந்துக்குவாங்க." இதுதான் கொஞ்சம் வெயிட்டான வாதம். பொருளாதார நிபுணர் ஸ்டிக்லர் 1964லயே எழுதினது. தொகையெல்லாம் வெளிய தெரிஞ்சா, கூட்டணில யார் வாக்கு மீறினாங்கன்னு மத்தவங்க ஈஸியாக் கண்டுபுடிச்சுடலாம், அதனால கூட்டணி கெட்டிப்படும். உண்மைதான். ஆனா கில்டுல "இந்த வாள் உனக்கு, அடுத்தது எனக்கு"ன்னு ரெண்டு வாரியர் பேசி வச்சுக்கிட்டா, வாக்கு மீறினவன் முதுகுலயே அந்த வாள் தொங்குமே! ஜெயிச்சவர் பேரை எப்படியும் சொல்லித்தான் ஆகணும். அப்ப தோத்த தொகைகளை மறைக்கறது கூட்டணியைத் தடுக்காது. கூட்டணியைக் கண்டுபுடிக்கற வாய்ப்பைத்தான் மத்தவங்க கிட்டேர்ந்து பறிக்கும்.

சரி, என்னதான் பண்ணணும்ங்கற? பெரிசா ஒண்ணும் இல்லை.

1. ஏலம் முடிஞ்ச உடனே, வந்த எல்லாத் தொகையையும் பேரோட ராய்டு சாட்ல போடணும். பத்து செகண்ட் வேலை. ஒவ்வொருத்தருக்கும் அவங்க தொகை தெரியும். மாத்திப் போட்டா அந்த ஆளே "நான் கேட்டது 60தானே"ன்னு சத்தம் போடுவார். இல்லாத தொகையைப் புகுத்தணும்னா அதுக்கு ஒரு பேர் வேணும். அந்தப் பேருக்குரியவர் ராய்டுலயே உக்காந்திருப்பார். அவரும் உடந்தைன்னா அவர் பேர் வாராவாரம் பதிவாகிட்டே வரும், ஒருநாள் மாட்டும்.

2. பொருளைப் போட முடியாத ஆள்தான் தொகையை வாங்கணும். தகட்டுக் கவசத்துக்கு ஏலம்னா, அதைப் போடவே முடியாத ப்ரீஸ்ட்டுக்கு விஸ்பர் பண்ணுங்க. செலவே இல்லாத சீர்திருத்தம் இது.

3. நம்ம பொட்டி தட்டற கூட்டத்துக்காக ஒண்ணு: எல்லாரும் முதல்ல தொகையோட ஹாஷைப் பொதுவுல போட்டுட்டு, அப்புறம் தொகையைச் சொல்லலாம். வெறும் எண்ணை ஹாஷ் பண்ணாதீங்க, 1லேர்ந்து 500 வரைக்கும் போட்டுப் பார்த்து ஒரு செகண்ட்ல உடைச்சுடுவாங்க. கூட ஒரு ரகசியச் சொல்லைச் சேருங்க. ராத்திரி பன்னெண்டு மணிக்கு பாஸ் முன்னாடி நின்னுக்கிட்டு எவன் இதைச் செய்வான்னு கேக்காதீங்க. ஆட்-ஆன் செய்யும். ஆனா முதல் ரெண்டையும் செஞ்சா மூணாவது தேவையே படாது.

"சாட் லாக் எங்ககிட்ட இருக்கு, வேணும்னா கேளுங்க"ன்னு சில ஆபீசர்கள் சொல்வாங்க. கேம்ல அந்த வசதி இருக்கறது வாஸ்தவம்தான். ஆனா அது அவங்க கம்ப்யூட்டர்ல இருக்கற சாதா டெக்ஸ்ட் ஃபைல். நோட்பேட்ல திறந்து மாத்தலாம். ஒரு வாரம் கழிச்சுக் காட்டற ஃபைலுக்கும், முடிஞ்ச நொடியே நாப்பது பேர் முன்னாடி போடற வரிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

கடைசியா ஆபீசர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்க சம்பளம் வாங்காம வேலை பாக்கறீங்க, தெரியும். ஆள் சேக்கறது, சண்டை தீக்கறது, வராதவனுக்குப் பதில் ஆள் புடிக்கறது எல்லாம் நீங்கதான். அதுக்கு நன்றி. ஆனா அந்த உழைப்புக்குக் கூலியா அடுத்தவங்க கணக்கை மறைக்கற உரிமை வராது. நாளைக்கு ராய்டுல முதல் பொருள் விழும்போதே அந்த லிஸ்ட்டைப் போட்டுப் பாருங்க. நேர்மையான ஆபீசருக்கு இதால நஷ்டம் பத்து செகண்ட். மத்தவங்களுக்கு நஷ்டம் கொஞ்சம் கூடத்தான்.

பி.கு: உங்க கில்டுல லிஸ்ட் போடறாங்கன்னா பின்னூட்டத்துல சொல்லுங்க. ஹீலருக்கு எடம் இருக்கான்னும் சேத்துச் சொன்னா புண்ணியமாப் போகும் ஹிஹி.