ஒரு வட்டம் வரைய இத்தனை படிகளா? கிம்ப் மென்பொருளும் ஆய்வுப் படங்களின் நேர்மையும்

கிம்ப் என்னும் கட்டற்ற படத்தொகுப்பு மென்பொருளைப் பற்றி ஆய்வு மாணவரிடையே அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு: "அதில் ஒரு வட்டம்கூட வரைய இயலாது." வட்டம், நீள்வட்டம், செவ்வகம் முதலிய வடிவங்களை, உள்ளே நிறம் நிரப்பாமல், வெளிக்கோட்டால் மட்டும் வரைவதற்கென்று தனிக்கருவி எதுவும் அதன் கருவிப்பெட்டியில் நெடுங்காலமாக இடம்பெறவில்லை. விண்டோஸுடன் வரும் எளிய பெயிண்ட் செயலியிலேயே அக்கருவி உண்டு. ஆகவே, நுண்ணோக்கிப் படத்திலோ கல்வெட்டு மைப்படியிலோ ஓரிடத்தைச் சுட்டிக்காட்ட விரும்பும் மாணவர், கிம்பைத் திறந்து சில நிமிடங்கள் தேடிவிட்டு, ஆய்வகக் கணினியில் யாரோ எப்போதோ நிறுவிவைத்த வணிக மென்பொருளின் கள்ளப்பிரதிக்குத் திரும்பிவிடுகிறார். இன்னும் சிலர் படத்தைப் பவர்பாயிண்டில் ஒட்டி, மேலே ஒரு வட்டத்தை வைத்து, திரைப்பிடிப்பு எடுத்து ஆய்வேட்டில் சேர்த்துவிடுகின்றனர்.

குறை நியாயமானதே. அதிலிருந்து எடுக்கப்படும் முடிவோடுதான் எனக்கு உடன்பாடில்லை. கிம்பில் வெளிக்கோட்டு வடிவம் வரையும் முறை சற்றுச் சுற்றுவழி. ஆனால் அந்தச் சுற்றுவழியில் ஆய்வாளருக்கு மிகவும் தேவையான ஒரு வேறுபாடு பொதிந்துள்ளது. அந்த வேறுபாட்டை நம் பல்கலைக்கழகங்கள் கற்பிப்பதில்லை என்பதே என் முதன்மையான முறையீடு.

முதலில் வழிமுறையைப் பார்ப்போம். கிம்பில் வட்டம் வரைவது இரண்டு தனித்தனிச் செயல்களாகப் பிரிகிறது. நீள்வட்டத் தேர்வுக் கருவியைக் கொண்டு எல்லையை வகுப்பது முதற்செயல். இழுக்கத் தொடங்கியபின் ஷிப்ட் விசையை அழுத்திப் பிடித்தால் அது சரியான வட்டமாக அமையும். இந்நிலையில் படத்தின் ஒரு புள்ளிகூட மாறுவதில்லை. திரையில் நகரும் புள்ளிக்கோடு ஒரு தேர்வு மட்டுமே. அதன்பின் எடிட் பட்டியில் 'ஸ்ட்ரோக் செலக்சன்' என்னும் கட்டளையைத் தெரிவுசெய்து, கோட்டின் தடிமனைக் குறிப்பிட்டு, அந்த எல்லைமீது கோடு தீட்டச் சொல்வது இரண்டாம் செயல். எல்லையைப் பின்னர் திருத்தவும் மீண்டும் பயன்படுத்தவும் விரும்புவோர், தேர்வைப் பாதையாக மாற்றிச் சேமித்துக்கொண்டு அப்பாதைமீது கோடு தீட்டலாம். ஒழுங்கற்ற வடிவங்களுக்குப் பாதைக் கருவியே ஏற்றது.

இவ்விரு செயல்களுக்கும் முன்னதாக ஒன்று செய்யப்பட வேண்டும்: ஒளிபுகும் புதிய அடுக்கு ஒன்றை உருவாக்கி, கோட்டை அந்த அடுக்கில் தீட்ட வேண்டும். அப்போது மூலப்படம் கீழே மாறாமல் இருக்கும். நம் குறியீடுகள் மேலே தனித்திருக்கும். வேண்டும்போது மேலடுக்கை மறைத்து, கீழே உண்மையில் என்ன உள்ளது என்று யாரும் பார்க்கலாம்.

இதன் பயன் அச்சில் தெரியும். நம் ஆய்வேடுகள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் நகலெடுக்கப்படுகின்றன. திரையில் பளிச்சென்று தெரிந்த சிவப்பு வட்டம், நகலில் சாம்பல் நிறப் பின்னணியோடு கரைந்துவிடுகிறது. கிம்பில் எல்லையும் கோடும் வேறுவேறாக இருப்பதால் ஒரே தேர்வின்மீது இருமுறை கோடு தீட்டலாம்: முதலில் 8 படப்புள்ளித் தடிமனில் கறுப்பு, அதன்மேல் 4 படப்புள்ளித் தடிமனில் வெள்ளை. தீட்டப்படும் கோடு எல்லையின் இருபுறமும் சமமாகப் பரவுவதால், வெள்ளைக் கோட்டின் உள்ளும் புறமும் 2 படப்புள்ளி அளவுக்குக் கறுப்பு விளிம்பு எஞ்சும். அந்த வட்டம் இருண்ட பின்னணியிலும் தெரியும், வெளிறிய பின்னணியிலும் தெரியும்.

தடிமனைக் கணக்கிட்டே முடிவுசெய்ய வேண்டும். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்னும் அச்சுத்தரத்தில் 8 செ.மீ. அகலமுள்ள படத்துக்கு ஏறத்தாழ 945 படப்புள்ளிகள் தேவை. அத்தரத்தில் 1 படப்புள்ளிக் கோடு 0.085 மி.மீ. மட்டுமே, தாளில் அது கண்ணுக்குப் புலப்படுவது அரிது. 4 படப்புள்ளிக் கோடு 0.34 மி.மீ. அளவுக்கு வரும். திரைப்பிடிப்பு எடுப்போர் இழப்பது இந்தக் கணக்கைத்தான். 1920 படப்புள்ளி அகலமுள்ள திரையிலிருந்து எடுக்கும் பிடிப்பு, மூலப்படம் எத்துணைத் தெளிவாக இருந்தாலும், திரையின் அளவைத் தாண்டாது. மூலப்படத்தின் நுணுக்கம் அங்கேயே அழிந்துவிடுகிறது.

இனி நேர்மை பற்றிய பகுதிக்கு வருகிறேன். ஆய்வுப் படத்தில் வரையப்படும் வட்டம் அணியன்று. அது ஒரு கூற்று. சிதைந்த கல்வெட்டு ஒன்றின் ஒளிப்படத்தில் ஓர் எழுத்தைச் சுற்றி வட்டமிடும் ஆய்வாளர், "இங்கே ஓர் எழுத்து இருக்கிறது, அதன் எல்லை இது" என்று வாதிடுகிறார். கல்லின் வெடிப்பை எழுத்தின் கீற்றாகக் கொண்டாரா, எழுத்தின் கீற்றை வெடிப்பென்று விட்டாரா என்பதை வாசகர் சரிபார்க்க வேண்டுமெனில், கோடில்லாத படமும் அவருக்குக் கிடைக்க வேண்டும். எழுத்தின் வடிவத்தையே கோட்டால் மேலெழுதிக் காட்டும்போது இது இன்னும் முக்கியமாகிறது. கோடு கல்லின்மேல் படிந்துவிட்டால், கல் சொல்வது எது, ஆய்வாளர் சொல்வது எது என்று பிரிக்க வழியில்லை. திசு மாதிரியில் ஓர் உயிரணுவைச் சுட்டும் உயிரியலாளருக்கும், செயற்கைக்கோள் படத்தில் ஏரியின் கரையை வரையும் புவியியலாளருக்கும் இதே நிலைதான்.

படங்களின் நேர்மை உலக அளவில் எத்தகைய சிக்கலாக இருக்கிறது என்பதற்கு ஒரு சான்று போதும். எலிசபெத் பிக், அர்துரோ கசடேவால், பெர்ரிக் ஃபாங் ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், 1995 முதல் 2014 வரை 40 இதழ்களில் வெளிவந்த 20,621 உயிர்மருத்துவக் கட்டுரைகளைப் பார்வையிட்டு, அவற்றுள் 3.8 விழுக்காட்டில் ஐயத்துக்குரிய படநகல்கள் இருப்பதைக் கண்டனர். அவற்றுள் சில கவனக்குறைவால் நேர்ந்தவையாக இருக்கலாம். சில வேண்டுமென்றே செய்தவை என்பதற்கான அறிகுறிகளும் இருந்தன. அவர்கள் ஆராய்ந்தது படங்களின் மறுபயன்பாட்டை, வட்டங்களை அன்று. எனினும் அது உணர்த்தும் பாடம் நமக்கும் பொருந்தும். மூலப்படம் தனியே பேணப்பட்டிருந்தால், ஐயம் எழும்போது ஆய்வாளரால் விளக்கமளிக்க இயலும். இல்லையெனில் நேர்மையானவரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க நேரும்.

கிம்பின்மீது கூறப்படும் மற்றொரு குறையும் இங்கே பொருந்தி வருகிறது. 2012இல் வெளிவந்த 2.8 பதிப்பு முதல், 'சேமி' என்று சொன்னால் அது எக்ஸ்சிஎஃப் என்னும் தன் சொந்த வடிவத்தில் மட்டுமே சேமிக்கும். ஜேபெக், பிஎன்ஜி ஆகியவற்றுக்கு 'ஏற்றுமதி' என்னும் வேறு கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். பலருக்கு இது எரிச்சலூட்டியது. ஆயினும் அடுக்குகளோடு கூடிய பணிக்கோப்பு வேறு, பிறருக்கு அனுப்பும் தட்டையான படம் வேறு என்னும் உண்மையை அந்த ஏற்பாடு ஒவ்வொரு முறையும் நினைவூட்டுகிறது. ஆய்வாளர் பேண வேண்டியது முன்னதை.

போட்டோஷாப்பிலும் வடிவங்களைத் தனி அடுக்கில் வைக்கலாமே என்று கேட்பீர்கள். வைக்கலாம், அங்கு அது எளிதும்கூட. உரிய சந்தா செலுத்திப் பயன்படுத்துவோரிடம் எனக்கு வாதமில்லை. கள்ளப்பிரதியைப் பற்றியதே என் பேச்சு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 63-பி பிரிவின்கீழ், கள்ளப்பிரதியென்று அறிந்தே கணினி நிரலைப் பயன்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கருத்துத் திருட்டுக்கு எதிரான விதிமுறைகளை வெளியிட்டது; அதன்பின் ஆய்வு மற்றும் வெளியீட்டு அறம் பற்றிய 2 மதிப்பலகுப் பாடத்தை முனைவர் பட்ட மாணவர்க்குக் கட்டாயமாக்கியது. பிறர் எழுத்தைத் திருடாதே என்று அப்பாடத்தில் கற்றுவிட்டு, பிறர் மென்பொருளைத் திருடியே ஆய்வேட்டுப் படங்களை உருவாக்கும் முரண்பாட்டைப் பற்றி நம் துறைகளில் யாரும் வாய்திறப்பதில்லை. மாணவரைக் குறைகூறுவதில் பயனில்லை. உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாகும் நிலையில் சந்தா கட்டச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. செலவில்லாத வழி இருந்தும் அதைக் கற்பிக்காமல் விட்டது நிறுவனத்தின் பிழை.

கிம்புக்கு உரிய வேலை எது என்பதையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பாய்வுப்படம், கருத்துப்படம், சுற்றுவரைபடம் முதலியவற்றை வெற்றுத்தாளிலிருந்து வரைவதற்கு அது ஏற்ற கருவியன்று. அவற்றுக்கு இங்க்ஸ்கேப் என்னும் மற்றொரு கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. அது வெக்டர் முறையில் இயங்குவதால் வட்டம் எப்போதும் வட்டமாகவே நிலைக்கும். எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு சிதையாது. தடிமனையும் நிறத்தையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஒளிப்படத்தின்மீது குறியிடக் கிம்ப், கோட்டுப்படத்துக்கு இங்க்ஸ்கேப் என்று பிரித்துக்கொண்டாலே பாதி இடர்ப்பாடு தீரும். கிம்பும் அதே இடத்தில் நிற்கவில்லை. 2025 மார்ச்சில் 3.0 பதிப்பு வெளிவந்ததை அடுத்து உருவான வளர்ச்சிப் பதிப்புகளில் வெக்டர் அடுக்குகள் சேர்க்கப்பட்டுள்ளன. வட்டம் வரைவது வருங்காலத்தில் எளிதாகும். அப்போதும் மூலத்தையும் குறியையும் பிரித்துவைக்கும் பழக்கத்தைக் கருவி தானாகத் தந்துவிடாது.

மாணவரால் இவற்றைக் கற்க இயலுமா என்னும் ஐயம் சிலருக்கு எழலாம். கேரளத்தில் பள்ளிப் பிள்ளைகளே தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் கிம்பையும் இங்க்ஸ்கேப்பையும் பயில்கின்றனர். ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுட்டோரியல் திட்டம் இவ்விரண்டுக்கும் இந்திய மொழிகளில் இலவசக் காணொளிப் பாடங்களை வழங்குகிறது. கிம்பே 1995இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் என்னும் இரு மாணவர்கள் தொடங்கிய முயற்சிதான். பள்ளிப் பிள்ளைகள் பயில்வதை முனைவர் பட்ட மாணவர் கற்க இயலாதென்று சொல்வது பொருந்தாது.

ஆகவே துறைத்தலைவர்கள், நெறியாளர்கள் முன்னிலையில் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று, ஆய்வு நெறிமுறைப் பாடத்தில் படங்களைக் கையாளுவதற்கென்று மூன்று மணிநேரச் செய்முறைப் பயிற்சியைச் சேர்க்க வேண்டும்; அடுக்கு, தேர்வு, கோடு, அச்சுத்தரம் ஆகிய நான்கையும் கற்பிக்க அது போதும். இரண்டு, ஆய்வேட்டை ஒப்படைக்கும்போது குறியிட்ட படங்களின் மூலப்படங்களையும் அடுக்குகளோடு கூடிய கோப்புகளையும் குறுந்தகட்டிலோ துறைச் சேமிப்பகத்திலோ இணைத்துத் தர வேண்டும். மூன்று, படவிளக்கத்தில் "வட்டக்குறி ஆய்வாளரால் இடப்பட்டது" என்னும் சிறுகுறிப்பைக் கட்டாயமாக்க வேண்டும்.

மூன்றுக்கும் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை. எந்தக் குழுவின் ஒப்புதலுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. வரும் பருவத்திலேயே ஒரு நெறியாளர் தம் மாணவர் நால்வரோடு தொடங்கலாம். உங்கள் துறையில் இத்தகைய பயிற்சி ஏற்கெனவே நடைபெறுகிறதெனில் அதன் பாடத்திட்டத்தை இங்கே பகிருங்கள். பிற துறைகளுக்கு அது உதவும்.