12 வோல்ட்தானே என்று அலட்சியமா?

ஆபீசுக்குக் கிளம்புகிற நேரத்தில் கார் மக்கர் பண்ணும். சாவியைத் திருப்பினால் "டிக், டிக்" சத்தம்தான் வரும். செல்ப் எடுக்காது.

மெக்கானிக் வந்து பானெட்டைத் திறந்தாலே காசு. அதனால் பலர் தாங்களே ஸ்பேனரோடு இறங்கிவிடுகிறார்கள். அதில் தப்பே இல்லை. முறை தெரியாமல் கை வைப்பதுதான் ஆபத்து!

மோதிரம் ஜாக்கிரதை

"வீட்டுக் கரண்ட் 230 வோல்ட். இது வெறும் 12 வோல்ட். என்ன செய்யும்?" என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர். ஷாக் அடிக்காது என்பது வாஸ்தவம். ஆனால் சுட்டுவிடும்!

பேட்டரியின் பிளஸ் முனையையும் காரின் பாடியையும் ஸ்பேனர் ஒரே நேரத்தில் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். நொடியில் இரும்பு பழுத்துவிடும். நடுவில் மோதிரம் மாட்டினால் விரலின் கதி என்ன? எனவே மோதிரம், வாட்ச், கைச்செயினை முதலில் கழற்றிவிட வேண்டும்.

வயரைக் கழற்றும்போது மைனஸ்தான் முதலில். அதைக் கழற்றிவிட்டால், பிறகு ஸ்பேனர் பாடியில் பட்டாலும் ஷார்ட் ஆகாது. மாட்டும்போது மைனஸ் கடைசி.

வெடிக்கும் வாயு

சார்ஜ் ஏறும்போது பேட்டரியில் இருந்து ஹைட்ரஜன் வாயு வரும். காற்றில் நூற்றுக்கு 4 பங்கு கலந்தாலே தீப்பிடிக்கும். பக்கத்தில் பீடி, சிகரெட், தீக்குச்சி கூடவே கூடாது. பேட்டரி வெடித்தால் ஆசிட் முகத்தில்தான் தெறிக்கும். கண்ணில் பட்டால் 15 நிமிஷமாவது தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பழைய வித்தை

எஞ்சின் ஓடும்போதே பேட்டரி வயரைப் பிடுங்கி, "சார்ஜ் ஆகுதா" என்று பார்ப்பது அம்பாசடர் காலத்து வித்தை. அந்த அம்பாசடர் தயாரிப்பே 2014-ல் நின்றுபோனது. இந்த வித்தையை மட்டும் சிலர் விடவில்லை! இன்றைய காரில் இப்படிச் செய்தால் வோல்ட் எகிறி, கம்ப்யூட்டர் பெட்டியே போய்விடும்.

அதற்கு மீட்டர் இருக்கிறது. எஞ்சின் நிற்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். ஓடும்போது சுமார் 14 காட்டினால் சார்ஜ் ஆகிறது என்று அர்த்தம்.

பிளக் வயரைக் கையில் பிடித்துப் பொறி பார்ப்பதும் விபரீதம். அதில் வருவது 20,000 வோல்ட்டுக்கும் மேல்! பியூஸ் போனால் செம்புக்கம்பி சுற்றுவது தீயை விலைக்கு வாங்குவது.

மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓட விடவே கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. ஆளையே கொன்றுவிடும். எஞ்சின் நின்ற பிறகும் ரேடியேட்டர் பேன் தானாகச் சுற்றலாம். வேட்டி நுனி, துப்பட்டா பத்திரம்.

ஹைபிரிட், மின்சாரக் காரில் ஆரஞ்சு நிற வயரைத் தொடவே வேண்டாம். அதில் ஓடுவது நூற்றுக்கணக்கான வோல்ட். பயிற்சி பெற்றவர்தான் கை வைக்க வேண்டும்.

கடைக்காரர் கடமை

பேட்டரி விற்கிற கடைக்காரர்கள் பில்லை நீட்டுவதோடு நிறுத்தக்கூடாது. "மைனஸ் முதல்ல கழட்டுங்க, மோதிரம் வேண்டாம்" என்று இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பலாம். அதற்குக் காசு செலவு இல்லையே!

மெக்கானிக் கூலியை மிச்சம் பிடிப்பது கெட்டிக்காரத்தனம்தான். கண்ணையும் விரலையும் கொடுத்து மிச்சம் பிடிப்பதற்குப் பெயர் வேறு!