எறியுமுன் திறந்து பாருங்கள்!

ஒளி இழந்த டார்ச் விளக்குகள் நம் விடுதிக் குப்பைத் தொட்டியில் அடிக்கடி கிடக்கின்றன. பெரும்பாலானவை திறந்து பார்க்கப்படாமலே எறியப்பட்டவை. “புதிது வாங்கினால் நூறோ இருநூறோ, இதற்கா மெனக்கெடுவது?” என்கிறார்கள் நண்பர்கள். விலைக்கணக்கு சரிதான். விஞ்ஞானம் பயில வந்தவர்கள் போடவேண்டிய கணக்கு அது ஒன்றுதானா?

நீல ஒளி தரும் எல்.இ.டி.யை உருவாக்கியதற்காக அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டில் பௌதிகத்துக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது. அந்த நீல ஒளியில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றும் பூச்சினாலேயே நம் விளக்கில் வெண்மை பிறக்கிறது. இதைத் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதுவோம். அதே விளக்கு கையில் அணைந்துபோனால், “எல்.இ.டி. போய்விட்டது” என்று சொல்லி நகர்ந்துவிடுவோம். சாட்சியை விசாரிக்காமல் கூறும் தீர்ப்பு அது! அளவுக்கு மீறிச் சூடேறாத எல்.இ.டி. பல்லாயிரம் மணி நேரம் உழைக்கும். நம் ஐயம் கடைசியாகச் செல்லவேண்டிய இடம் அதுவே.

முதலில் பாட்டரிக் கட்டையைப் பாருங்கள். புதிய கட்டை ஏறத்தாழ 1.5 வோல்ட் காட்டும். வெண்ணிற எல்.இ.டி.க்கு 3 வோல்ட் அளவில் வேண்டும்; அதனால்தான் பெரும்பாலும் இரண்டு மூன்று கட்டைகளை அடுக்குகிறார்கள். அடுத்தது சுருள்வில். ஆல்கலைன் கட்டை கசிந்தால் அங்கே வெண்பொருக்கு படிந்து மின்னோட்டத்தைத் தடுக்கும். கையில் படாமல், எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள். காரத்தை அமிலம் தணிக்கும் என்று பள்ளியிலேயே படித்தோம் அல்லவா?

உலோக விளக்கில் உடலே பெரும்பாலும் மின்கம்பியின் வேலையைச் செய்கிறது. மூடியின் மரையில் அழுக்கேறினாலும் ஒளி நின்றுவிடும். அதையும் துடைத்தபின் அடிமூடிச் சுவிட்சைச் சோதியுங்கள். மூடியைக் கழற்றி, கட்டையின் அடியையும் உடலின் பூச்சில்லாத விளிம்பையும் ஒரு கம்பித் துண்டால் இணையுங்கள். எரிந்தால் குற்றவாளி மூடிக்குள்ளே இருக்கிறான். சென்ற கோடையில் இளைய மாணவர் ஒருவரின் விளக்கு இப்படித்தான் பிழைத்தது. சுவிட்சைப் பிடித்திருந்த வளையம் தளர்ந்திருந்தது. கத்தரிக்கோல் முனைகளால் திருகி இறுக்கினேன். ஒரு காசு செலவில்லை.

ஓர் எச்சரிக்கை. சுவரில் செருகி மின்னேற்றும் மலிவான விளக்குகள் பலவற்றில் மின்மாற்றி கிடையாது. 230 வோல்ட் நேரே உள்ளே வருகிறது. செருகியபடி திறக்கவே கூடாது. பிடுங்கிய பின்னும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். உப்பிப்போன லிதியம் மின்கலத்தைக் குத்தவோ அழுத்தவோ வேண்டாம். துணிவு வேறு, அசட்டுத் துணிச்சல் வேறு.

நம் ஆய்வுக்கூடத்தில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று தெரிந்துகொண்டுதான் ஊசலை ஆட்டுகிறோம். பழுதான விளக்கின் விடையோ எந்தப் புத்தகத்தின் பின்பக்கத்திலும் இல்லை. ஒன்றை ஐயுற்று, சோதித்து, விலக்கி, அடுத்ததற்குச் செல்லவேண்டும். விஞ்ஞான முறை என்பது இதுதானே? தெருமுனையில் மேசை போட்டு அமர்ந்திருக்கும் தொழிலாளி இதை நாள்தோறும் செய்கிறார். நாமோ அவரை ‘ரிப்பேர்க்காரன்’ என்கிறோம். அவருக்கு ஓர் ‘அர்’ விகுதி தரவும் மனம் வரவில்லை. கைத்தொழில் தாழ்ந்தது என்னும் பழைய நோய், பட்டம் பெற்றபின்னும் நம்மை விட்டபாடில்லை. நூறு ரூபாய் விளக்கைக் காப்பதைவிட, அந்த நோயைத் தீர்ப்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

சங்கத்து அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு மல்டிமீட்டர், சில திருப்புளிகள், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, இவை போதும். பழுதான விளக்குடன் வருபவர் தம் கையாலேயே அதைத் திறக்கட்டும். தெரிந்தவர் அருகில் நிற்கட்டும். உயிர் போன பாட்டரிகளைக் குப்பையில் கலக்காமல் தனியே சேர்த்து, சேகரிப்போரிடம் ஒப்படைக்கலாம். பட்டிமன்றத்துக்கு மேடை போடும் நம் சங்கம், இதற்கு ஒரு மேசை போடாதா?