நீரூர்தியும் நிறுத்தும் பொறியும்

விரைந்து செல்லும் ஊர்திக்குச் செல்லும் ஆற்றலினும் நிற்கும் ஆற்றலே இன்றியமையாதது. எனினும் ‘ஜெட் ஸ்கீ’ என வழங்கும் சிறு நீரூர்திகள் நெடுங்காலம் பிரேக்கின்றியே ஓடின. அவை நீரை உள்வாங்கிப் பின்புறக் குழல்வாய் வழியே பீச்சி முன்செல்வன. அக்குழல்வாயைத் திருப்பியே திசை மாறுவன. ஆதலின், அஞ்சியவன் விசையை விட்டுவிடின் திருப்பும் ஆற்றலும் உடன் நீங்கும். ஊர்தியோ நேரே சென்று மோதும்.

இக்குறை நீங்கக் கனடா நாட்டுப் பி.ஆர்.பி. நிறுவனத்தார் 2009ஆம் ஆண்டில் தம் ‘சீ-டூ’ ஊர்தியில் பிரேக்கு அமைத்தனர். இடக்கைப் பிடியை அழுத்தின், குழல்வாயின் பின்னே ஒரு மறைப்பு இறங்கி நீர்த்தாரையை முன்னோக்கித் திருப்பும். அதனை இயக்குவது கைவலியன்று, மின்பொறியும் மென்பொருளுமே.

இரும்பின் தேய்வு கண்ணுக்குப் புலனாம். மென்பொருளின் மாற்றமோ புலனாகாது. புதுப்பித்த பின்னும் ஊர்தி முன்போலவே தோன்றும். புதுப்பித்தலை யாம் குறைகூறோம்; பழுதறிந்தும் திருத்தாமையே பெருங்குற்றம். ஆயின், பிடியின் இயல்பு மாறியதை ஓட்டுபவன் அறியாதிருத்தல் தகுமோ? இடர் நேர்ந்த நொடியில் கை பழகியவாறே செய்யும், எண்ணிப்பார்க்கப் பொழுதில்லை.

ஆகவே, பிரேக்கைத் தொடும் திருத்தம் எதுவாயினும், மாறியது யாதென எளிய மொழியில் எழுதித் தருதல் செய்தோர் கடன். பெற்றவனும் ஆளற்ற நீர்ப்பரப்பில் பன்முறை நிறுத்திப் பழகல் வேண்டும். வாடகைக்கு விடுவோர்க்கு இக்கடன் இருமடங்கு, ஏறுபவர் புதியராதலின். உயிரை ஒப்புவிப்போர்க்கு உண்மையை அறியும் உரிமை உண்டென்பதே எம் துணிபு.